ஈரல் புற்றுநோயும் ரத்தக்குழாய்ப் புரதங்களும்: எந்தச் சான்றை நம்புவது?

பெரும்பாலான புற்றுநோய்களை உறுதிசெய்ய பயாப்சி வேண்டும். கல்லீரல் புற்றுநோய்க்குப் பல நேரம் அது தேவைப்படுவதில்லை. சிரோசிஸ் வந்து ஈரல் நார் படர்ந்து சுருங்கிப்போன ஒருவருக்கு, ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள கட்டி தென்பட்டால், சாயமருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேனை வைத்தே நோயை முடிவுசெய்கிறார்கள். மருந்து தமனி வழியே வந்து சேரும் முதல் அரை நிமிடத்தில் கட்டி மட்டும் பளிச்சென்று தெரிகிறது. இன்னும் அரை நிமிடம் கழித்து, போர்ட்டல் சிரை வழியே மருந்து வரும்போது ஈரல் முழுக்க வெளிச்சம் பரவுகிறது, கட்டி மங்கிவிடுகிறது. ஆக, இந்த நோயைக் காட்டிக்கொடுப்பதே அதன் ரத்தக்குழாய்கள்தான்.

ஈரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை கொண்டுவருவது. கால் பங்கு ஈரல் தமனி தருவது. புற்றுக்கட்டி வளர வளர, சிரையின் தொடர்பை விட்டுவிட்டு, ஏறக்குறைய முழுவதும் தமனியை நம்பிப் புதிய குழாய்களை உண்டாக்கிக்கொள்கிறது. கட்டிக்குப் போகும் தமனிக் கிளையைத் தேடிப் பிடித்து, அதற்குள் மருந்தைச் செலுத்தி அடைத்துவிடும் சிகிச்சை இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது. சோராஃபெனிப் முதல் பெவாசிசுமாப் வரை பல மருந்துகளின் இலக்கும் ரத்தக்குழாய்தான்.

இவ்வளவு நெருக்கமான உறவு இருக்கும்போது, அந்தக் குழாய்களில் உள்ள புரதங்களை அளந்தால் நோய் எப்படிப் போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா? முப்பது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் இதைக் கேட்டுவருகிறார்கள். 2022-ல் உலகெங்கும் சுமார் 8.7 லட்சம் பேருக்குப் புதிதாக ஈரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது, சுமார் 7.6 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். இரண்டு எண்களும் இவ்வளவு அருகருகே இருப்பதே நோயின் கடுமையைச் சொல்லும். அறுவை செய்து கட்டியை முழுதாக எடுத்தாலும், ஐந்து ஆண்டுக்குள் பத்தில் ஏழு பேருக்கு வரை நோய் திரும்புகிறது. யாருக்குத் திரும்பும், யாருக்கு எந்த மருந்து கைகொடுக்கும் என்று தெரிந்தால் காப்பாற்றக்கூடிய காலம் கொஞ்சமல்ல.

நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ‘இந்தப் புரதம் கூடினால் ஆயுள் குறைகிறது’ என்றே முடிகின்றன. ஆனால் ஈரல் புற்றுநோயாளி ஒரே உடலில் இரண்டு நோய்களோடு வருகிறார். ஒன்று புற்று, இன்னொன்று அதற்கு முன்பே பல ஆண்டுகளாக ஈரலைத் தின்றுகொண்டிருந்த சிரோசிஸ். ரத்தத்தில் அளக்கும் எண் இந்த இரண்டில் எதன் குரல் என்று பிரித்துக் காட்டாத ஆய்வை நம்பி ஒரு நோயாளியின் சிகிச்சையை மாற்றக்கூடாது. திசுவில் கண்ணால் பார்க்கும் குழாய்களின் அமைப்பு இந்தச் சிக்கலிலிருந்து பெருமளவு தப்பிக்கிறது. இத்தனை ஆண்டுத் தேடலில் உருப்படியான சான்று அங்கேதான் சேர்ந்திருக்கிறது என்பது என் முடிவு.

அதைப் புரிந்துகொள்ள ஆரோக்கியமான ஈரலிலிருந்து தொடங்க வேண்டும். உடலின் மற்ற பெரும்பாலான இடங்களில் உள்ள தந்துகிகள் மூடிய குழாய்கள். ஈரலின் தந்துகிகளான சைனுசாய்டுகளோ சல்லடைபோல் துளையுள்ளவை. உட்சுவர் செல்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஓட்டைகள். அடியில் தாங்குசவ்வும் கிடையாது. ரத்தத்தில் வரும் சத்தும் நஞ்சும் நேரே ஈரல் செல்லைத் தொடுவதற்கான ஏற்பாடு இது. சிரோசிஸ் வரும்போது அந்தத் துளைகள் அடைபடுகின்றன, அடியில் சவ்வு படிகிறது, சைனுசாய்டு சாதாரணத் தந்துகியாக மாறுகிறது. கட்டிக்குள் இந்த மாற்றம் முற்றிவிடுகிறது. அதோடு புரதங்களும் மாறுகின்றன. ஈரலின் உட்சுவர் செல்லுக்கே உரிய லைவ்-1, ஸ்டாபிலின் போன்றவை மறைகின்றன, சிடி34 தலைகாட்டுகிறது.

சிடி34 சாயமேற்றிய கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தால் இது நேரடியாகவே தெரியும். நல்ல ஈரல் துணுக்கில், சிரையும் தமனியும் பித்தக்குழாயும் சேர்ந்து ஓடும் இடங்களைச் சுற்றி மட்டும் பழுப்புக் கோடுகள். மற்ற இடமெல்லாம் நீலநிறக் கருக்கள்தான். சைனுசாய்டுகள் சாயத்தை ஏற்பதே இல்லை. அதே தகட்டை நகர்த்திக் கட்டியின் எல்லையைத் தாண்டியதும் பழுப்பு வலை கண்ணை நிறைத்துவிடும். ஒவ்வொரு செல் வரிசைக்கும் நடுவே ஒரு கோடு. சந்தேகமான கட்டி புற்றா இல்லையா என்று பார்க்க, நோய்க்குறியியல் மருத்துவர்கள் மற்ற சாயங்களோடு இதையும் வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். செலவு அதிகமில்லாத, பெரிய ஆய்வகங்களில் ஏற்கெனவே கைவசம் உள்ள சாயம். இந்தச் செய்தி கட்டுரையின் பின்பாதியில் முக்கியமாகும்.

குழாய்களை எண்ணும் பழக்கம் ஈரலில் தொடங்கியதல்ல. புதிய குழாய் இல்லாமல் கட்டி வளர முடியாது என்ற கருத்தை ஜூடா ஃபோக்மன் 1971-ல் முன்வைத்தார். இருபது ஆண்டு கழித்து, 1991-ல், நோயல் வைட்னரும் ஃபோக்மனும் மார்பகப் புற்றில் நுண்குழாய் எண்ணிக்கை கூடக்கூட நோய் பரவுவதும் கூடுகிறது என்று காட்டினார்கள். குழாய்கள் நெருக்கமாக இருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கே எத்தனை என்று எண்ணும் முறை அது. அதன்பின் எல்லா உறுப்புகளிலும் எண்ணத் தொடங்கினார்கள். ஈரலில் ஹாங்காங்கைச் சேர்ந்த ரோனி பூனின் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வு கவனிக்கத்தக்கது. ஒரே கட்டிகளில் சிடி34-ஐயும் சிடி31-ஐயும் தனித்தனியே சாயமேற்றி எண்ணினார்கள். ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்த கட்டிகளில், சிடி34 எண்ணிக்கை அறுவைக்குப் பின் நோய் திரும்புவதைச் சுட்டியது. சிடி31 எண்ணிக்கை சுட்டவில்லை. இரண்டுமே ரத்தக்குழாய்ப் புரதங்கள், இரண்டுமே ஒரே குழாயின் மேல். இருந்தும் விடை வேறு. ‘குழாய் அடர்த்தி’ என்று பொதுவாகப் பேசுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

சிடி105 எனப்படும் எண்டோகிளின் வேறொரு நம்பிக்கையைத் தந்தது. புதிதாகப் பெருகும் குழாய்களில் மட்டுமே அது மிகுதி என்பதால், மற்ற உறுப்புகளில் நன்றாக வேலை செய்தது. ஈரலிலோ கட்டியைச் சுற்றியுள்ள சைனுசாய்டுகளிலும் அது இருக்கிறது. எண்ணும் முறையிலும் ஒரு தொல்லை உண்டு. ஈரல் கட்டியின் குழாய்கள் தனித்தனிப் புள்ளிகளாக இல்லாமல் தொடர்வலையாக ஓடுகின்றன. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்வார். இதனால்தான் எண்ணிக்கை முறை ஈரலில் வேரூன்றவில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியான விஇஜிஎஃப், ஹெரால்ட் டுவோராக்கின் ஆய்வகத்தில் 1983-ல் குழாய்களைக் கசியச்செய்யும் பொருளாகத் தென்பட்டு, 1989-ல் நெப்போலியோன் ஃபெராராவின் கையில் குழாய்களை வளர்க்கும் பொருளாக அடையாளம் பெற்றது. ஈரல் புற்றில் இது கூடினால் முடிவு மோசம் என்று பல ஆய்வுகள் கூறின. 2009-ல் அவற்றைத் தொகுத்துப் பார்த்த ஆய்வும், திசுவிலும் சீரத்திலும் அதே திசையையே காட்டியது.

ஆனால் இந்த அளவைச் சீரத்தில் எடுப்பதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. சீரம் என்பது ரத்தத்தை உறையவிட்டபின் மேலே தெளியும் நீர். உறையும்போது தட்டணுக்கள் தமக்குள் சேர்த்துவைத்திருக்கும் விஇஜிஎஃப்பை வெளியே விடுகின்றன. எனவே சீரத்தில் வரும் எண்ணில் கணிசமான பகுதி தட்டணுக்களின் பங்கு. உறையாமல் காக்கும் குழாயில் எடுத்த பிளாஸ்மாவில் இது மிகக் குறைவு. இதைச் சிரோசிஸ் நோயாளியிடம் பொருத்திப் பாருங்கள். போர்ட்டல் அழுத்தம் கூடி, மண்ணீரல் வீங்கி, தட்டணுக்களை அது பிடித்துவைத்துக்கொள்கிறது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணு எண்ணிக்கை அறுபதாயிரத்துக்கு இறங்கியவர்களை ஈரல் பிரிவில் தினமும் பார்க்கலாம். இப்படி ஈரல் மிக மோசமாக இருப்பவருக்குச் சீர விஇஜிஎஃப் குறைவாக வரலாம். ஈரல் ஓரளவு தேறியிருந்து பெரிய கட்டி உள்ளவருக்கு அதிகமாக வரலாம். சில ஆய்வாளர்கள் அளவைத் தட்டணு எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் சீரமா பிளாஸ்மாவா என்பதைக்கூட ஒரே மாதிரி வைத்துக்கொள்ளாத ஆய்வுகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதில் என்ன தெளிவு வந்துவிடும்?

ஆஞ்சியோபாயட்டின்-2 இதைவிட வலுவான சான்று. 1997-ல் அடையாளம் காணப்பட்ட இந்தப் புரதம் உட்சுவர் செல்லுக்குள் சிறு பைகளில் காத்திருக்கும். தூண்டினால் சில நிமிடங்களில் வெளியே வரும். குழாய்ச் சுவரை உறுதியாக வைத்திருக்கும் ஆஞ்சியோபாயட்டின்-1-இன் வேலையை இது குலைத்துச் சுவரைத் தளர்த்துகிறது. தளர்ந்த சுவரிலிருந்துதான் புதிய குழாய் முளைக்கிறது. சோராஃபெனிப்பை நிலைநிறுத்திய ஷார்ப் ஆய்வில் 602 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். 2008-ல் வந்த முடிவின்படி மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 10.7 மாதம், பெறாதவர்களுக்கு 7.9 மாதம். அதே நோயாளிகளின் பிளாஸ்மாவை ஜோசப் யோவெட்டின் குழு அளந்து 2012-ல் வெளியிட்டது. தொடக்கத்தில் ஆஞ்சியோபாயட்டின்-2-உம் விஇஜிஎஃப்பும் அதிகமாக இருந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். மற்ற காரணிகளைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படியே. ஆனால் சோராஃபெனிப் யாருக்கு வேலை செய்யும் என்பதை இரண்டுமே சொல்லவில்லை.

இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு மார்க்கர் ‘இவருக்கு நோய் வேகமாகப் போகும்’ என்று சொல்வது வேறு; ‘இந்த மருந்து இவருக்குப் பலன் தரும்’ என்று சொல்வது வேறு. முன்னதை அறிய எல்லோரையும் பின்தொடர்ந்தால் போதும். பின்னதை அறிய மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, மார்க்கர் கூடியவர்களில் மட்டும் வித்தியாசம் பெரிதாகிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து பெற்றவர்களை மட்டும் வைத்து எழுதப்படும் ஆய்வுகள் இரண்டையும் குழப்பி நோயாளிக்கு வீண் நம்பிக்கையோ வீண் அச்சமோ தருகின்றன. இது எனக்குக் கவலை தரும் விஷயம்.

ஆஞ்சியோபாயட்டின்-2 சிரோசிஸிலேயே, புற்று வருவதற்கு முன்பே ஏறிவிடுகிறது. வான் வில்பிராண்ட் காரணியும் அதே பைகளில் இருக்கும் இன்னொரு உட்சுவர்ப் புரதம். அது சிரோசிஸ் நோயாளிகளின் போர்ட்டல் அழுத்தத்தையும் இறப்பையும் முன்கூட்டிச் சுட்டுகிறது என்று வியன்னாக் குழு 2012-ல் காட்டியது. அந்த ஆய்வின் மையம் புற்று அல்ல, சிரோசிஸ். எனவே ஈரல் புற்றில் இவை கூடுவதும் ஆயுள் குறைவதும் சேர்ந்து வந்தால், நோயாளியைக் கொல்வது கட்டியா, ஈரல் செயலிழப்பா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஈரலின் செயல்திறனைக் காட்டும் சைல்ட்-பியூ மதிப்பெண்ணையும் போர்ட்டல் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னும் நிற்கும் எண்ணையே புற்றின் மார்க்கர் என்று ஏற்கலாம்.

ரத்தக்குழாய் மருந்துகளில் மார்க்கரைக் கொண்டு நோயாளியைத் தேர்ந்தெடுத்து வென்ற ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அதில் பயன்பட்டது ரத்தக்குழாய்ப் புரதமே அல்ல. ராமுசிருமாப் என்பது விஇஜிஎஃப்பின் இரண்டாம் ஏற்பியைத் தடுக்கும் மருந்து. 2015-ல் வந்த ரீச் ஆய்வில் மொத்த நோயாளிகளுக்கு அது தெளிவான பலன் தரவில்லை. ஆனால் ரத்தத்தில் ஏஎஃப்பி என்ற புரதத்தின் அளவு 400-க்குக் குறையாதவர்களில் மட்டும் பலன் தெரிந்தது. அவர்களை மட்டும் சேர்த்து ரீச்-2 நடந்தது. 2019-ல் வந்த முடிவில் மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், பெறாதவர்களின் 7.3 மாதத்துக்கு எதிராக 8.5 மாதம். பலன் சிறிது. ஆனால் வழிமுறை பெரிது: முதலில் ஒரு சந்தேகம், பிறகு அதைச் சோதிக்கத் தனியாக ஓர் ஆய்வு. ஏஎஃப்பி கட்டியின் செல்கள் சுரக்கும் பழைய புரதம். ஏஎஃப்பி மிகுந்த கட்டிகள் ஒரு தனி உயிரியல் வகை. அவற்றில் ரத்தக்குழாய் வளர்ச்சியும் தீவிரம் என்று இன்று விளக்கம் சொல்கிறார்கள்.

2020-க்குப் பிறகு களம் மாறிவிட்டது. ஐஎம்பிரேவ்150 ஆய்வில், நோயெதிர்ப்பு மருந்தான அட்டிசோலிசுமாப்போடு விஇஜிஎஃப்பைப் பிடித்துவைக்கும் பெவாசிசுமாப்பைச் சேர்த்துத் தந்தபோது இடைநிலை ஆயுள் 19.2 மாதம், சோராஃபெனிப் பெற்றவர்களுக்கு 13.4 மாதம். ரத்தக்குழாய் மருந்து இங்கே கட்டியைப் பட்டினி போடுவதற்காக மட்டும் இல்லை. தாறுமாறான குழாய்களைச் சீர்படுத்தி, நோயெதிர்ப்புச் செல்கள் உள்ளே நுழைய வழி திறப்பதும் அதன் வேலை. ராகேஷ் ஜெயின் 2001 முதல் வாதாடிவரும் கருத்து இது. 2022-ல் இந்த மருந்துகளைச் சோதித்த ஆய்வுகளின் நோயாளிகளுடைய திசுக்களை ஆராய்ந்தபோது, விஇஜிஎஃப்பின் இரண்டாம் ஏற்பி கட்டியில் அதிகமாக இருந்தவர்களுக்கு, அட்டிசோலிசுமாப்பை மட்டும் தருவதைவிட இரண்டையும் சேர்த்துத் தருவது கூடுதல் பலன் தந்தது தெரிந்தது. உட்சுவர் செல்லின் ஒரு புரதம் மருந்துத் தேர்வுக்கு இவ்வளவு அருகில் வந்தது பெரிய முன்னேற்றம். சிகிச்சைப் படிவத்தில் அது இன்னும் ஏறவில்லை. அதற்கென்றே ஓர் ஆய்வு நடந்து முடியும்வரை ஏறவும் கூடாது.

ஏன் இந்தத் தொடர்பு என்பதற்குச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2020-ல் அருமையான துப்புக் கொடுத்தார்கள். கட்டியின் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில், பிஎல்விஏபி என்ற புரதம் கொண்ட உட்சுவர் செல்கள் மிகுதியாக இருந்தன. கருவில் வளரும் ஈரலிலும் இதே வகைச் செல்கள் உண்டு. முழு வளர்ச்சி அடைந்த ஈரலில் அரிது. கருவின் ஈரல் தாயின் நோயெதிர்ப்போடு மோதாமல் வளர வேண்டும். அந்தப் பழைய ஏற்பாட்டைக் கட்டி மறுபடி இயக்கி, பக்கத்தில் உள்ள மேக்ரோஃபேஜ் செல்களையும் எதிர்ப்பை அடக்கும் வகையாக மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றத்தில் விஇஜிஎஃப்புக்கும் பங்கு உண்டு. குழாய் வளர்ச்சியும் நோயெதிர்ப்பு அடக்கமும் ஒரே கயிற்றின் இரு இழைகள் என்பது இதனால் தெளிவாகிறது.

இனி நான் மிகவும் நம்பும் சான்றுக்கு வருகிறேன். குவாங்சோவில் உள்ள சுன் யாட்-சென் பல்கலைக்கழகக் குழு 2015-ல் ஒரு வடிவத்தை விவரித்தது. சுருக்கமாக விஇடிசி என்கிறார்கள்: புற்றுச் செல் கூட்டங்களைச் சுற்றி வளைத்து மூடும் குழாய்கள். சிடி34 தகட்டில் இது தவறவே தவறாது. வழக்கமான கட்டியில் குழாய்கள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். விஇடிசி வகையிலோ பழுப்புக் கோடு அறுபடாமல் ஒரு செல் கூட்டத்தை முழுதாகச் சுற்றி வருகிறது. அதற்கு அடுத்து இன்னொரு வளையம், இன்னொன்று, தகடு முழுக்க வலைக்கண்கள்போல. புற்றுச் செல் பரவ வேண்டுமானால் முதலில் தன் இயல்பை மாற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சுவரைத் துளைத்து ரத்தத்தில் புக வேண்டும் என்பது வெகுகாலமாக நம்பப்பட்டது. இந்த வகையில் துளைக்கவே வேண்டியதில்லை. முழுக் கூட்டமும் தன்னைச் சுற்றிய குழாய் உறையோடு பிய்ந்து ரத்தத்தில் இறங்கி, அந்த உறையின் பாதுகாப்பிலேயே போய்ச் சேருகிறது. இந்த வடிவம் உருவாக ஆஞ்சியோபாயட்டின்-2 தேவை. எலிகளில் அதைக் குறைத்தபோது வடிவமும் பரவலும் குறைந்தன. ரத்தத்தில் அளந்தபோது இரண்டு நோய்க்கும் சாட்சி சொன்ன அதே புரதம், திசுவில் எங்கே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும்போது ஒரே நோயைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது.

ஒரு குழுவின் கண்டுபிடிப்போடு இது நின்றுவிடவில்லை. 2020-ல் இத்தாலியர் முன்னின்று, பல மருத்துவமனைகளில் அறுவை செய்த ஐநூறுக்கும் மேற்பட்ட கட்டிகளைப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் விஇடிசி இருந்தது. ஏஎஃப்பி மிகுதி, பெரிய கட்டி, நுண்குழாய்களுக்குள் ஊடுருவல் ஆகியவை அதோடு சேர்ந்து வந்தன. நோயும் சீக்கிரம் திரும்பியது. கிழக்கு ஆசியாவில் பெரும்பாலும் ஹெபடைடிஸ்-பி கிருமியால் வரும் புற்று. ஐரோப்பாவில் ஹெபடைடிஸ்-சி, மது, கொழுப்பு ஈரல் எனக் காரணங்கள் வேறு. இரண்டு இடத்திலும் ஒரே வடிவம் ஒரே சேதியைச் சொன்னது. குவாங்சோக் குழு 2019-ல் இன்னொரு படி போனது: விஇடிசி உள்ளவர்களுக்கு சோராஃபெனிப் பலன் தருகிறது, இல்லாதவர்களுக்குத் தரவில்லை என்று. அது பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வு, ஆகவே முடிந்த முடிவல்ல. இருந்தாலும் போக்கையும் மருந்துப் பலனையும் ஒரே மார்க்கர் தொடக்கூடும் என்று காட்டியது.

பிரெஞ்சு நோய்க்குறியியல் மருத்துவர்கள் விவரித்த மேக்ரோடிராபெகுலர்-மாசிவ் வகைக் கட்டியும் பெரும்பாலும் விஇடிசியோடு சேர்ந்தே காணப்படுகிறது. தடித்த செல் வரிசைகளும் மோசமான முடிவும் கொண்ட வகை அது. 2019-ல் உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில் இடம்பெற்றது. அந்தக் கட்டிகளின் குழாய்களில் எண்டோகேன் என்ற புரதம் மிகுதி. இதை ரத்தத்திலும் அளக்கலாம். ஆனால் கிருமி ரத்தத்தில் பரவும் செப்சிஸிலும் எண்டோகேன் ஏறும்; சிரோசிஸ் நோயாளிக்குத் தொற்று அடிக்கடி வருவது. எனவே திசுவில் பயன்படும் அளவுக்கு ரத்தத்தில் இது பயன்படுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

ஆய்வுகளின் தரம் பற்றியும் சொல்ல வேண்டும். ‘அதிகம்’, ‘குறைவு’ என்று பிரிக்கும் எல்லையைத் தரவு கைக்கு வந்த பின், நல்ல வித்தியாசம் தெரியும் இடத்தில் வைத்துக்கொள்வது இந்தத் துறையின் நாட்பட்ட நோய். அந்த எல்லையை இன்னொரு மருத்துவமனையின் நோயாளிகளிடம் வைத்தால் வித்தியாசம் கரைந்துவிடுகிறது. இப்படி நடக்காமலிருக்க, மார்க்கர் ஆய்வுகளை எப்படி அறிவிக்க வேண்டும் என்ற ரிமார்க் நெறிமுறை 2005-லேயே வந்தது. மாதிரி எப்படி எடுக்கப்பட்டது, எல்லை எப்போது முடிவானது என்பவற்றைச் சொல்லச் சொல்கிறது. கேட்பது எளியவை. இருந்தும் இன்றும் பல கட்டுரைகள் அவற்றைச் சொல்லாமலே வெளிவருகின்றன. நோயாளி தன் ரத்தத்தையும் சதையையும் ஆய்வுக்குத் தருகிறார்; அதை வீணாக்காமலிருப்பது ஆய்வாளரின் கடமை.

அறுவைக்குப் பின் யாருக்கு மருந்து கொடுப்பது என்பதில் இந்தக் குறை நேரடியாக வலிக்கிறது. ஐஎம்பிரேவ்050 ஆய்வு, நோய் திரும்பும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு அட்டிசோலிசுமாப்பும் பெவாசிசுமாப்பும் தந்தது. 2023-ல் வந்த முதல் அலசலில் பலன் தெரிந்தது. அடுத்த ஆண்டு நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்தபோது அது நிலைக்கவில்லை. அபாயத்தை முடிவுசெய்தது கட்டியின் அளவு, எண்ணிக்கை, குழாய் ஊடுருவல், செல் வேறுபாட்டின் தரம் போன்றவற்றை வைத்துத்தான். குழாய்களின் வடிவம் அந்தத் தேர்வில் இல்லை. அறுவை செய்து எடுத்த கட்டி முழுதாகக் கையில் இருக்கும் இடம் இது. ஒரு சிடி34 தகடு போட்டு விஇடிசி உள்ளவர், இல்லாதவர் என்று முன்பே பிரித்து நடத்தும் ஆய்வுக்கு இதைவிட நல்ல களம் வேறில்லை.

அறுவை செய்ய முடியாத நிலையில் வருபவர்களிடம் கதை கடினம். ஸ்கேனிலேயே நோய் உறுதியாவதால் அவர்களில் பலருக்குத் திசுவே எடுப்பதில்லை. மருத்துவத்துக்கு வசதியான அந்த விலக்கு, மார்க்கர் ஆய்வுக்குத் தடையாகிறது. எடுத்தாலும் ஊசியில் வருவது நூல் கனத் துணுக்கு; கட்டியின் ஒரு மூலையில் விஇடிசி இருந்து இன்னொரு மூலையில் இல்லாமலிருக்கலாம். எம்ஆர்ஐ படத்திலேயே அந்த வடிவத்தை ஊகிக்கும் முயற்சிகள் நடக்கின்றன. மருந்து ஆய்வுகளில் சேருபவர்களிடமாவது பயாப்சியைக் கட்டாயமாக்கி, அதே வாரத்தில் எம்ஆர்ஐயும் பிளாஸ்மாவும் எடுத்து, தட்டணு எண்ணிக்கையையும் சைல்ட்-பியூ மதிப்பெண்ணையும் பக்கத்திலேயே குறித்துவைத்தால், எந்த எண் கட்டியுடையது, எந்த எண் ஈரலுடையது என்று பிரித்துவிட முடியும்.